பிடித்த படிப்பு என்றால் பட்டம் முடியுமா? ஒரு நூறு வருடக் கணக்கு

போன மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பழைய நண்பன் ஒருவன் போன் பண்ணினான். கல்லூரியில் மூன்று வருடம் என்னோடு ஒரே ஹாஸ்டல் ரூமில் இருந்தவன். அவன் பையன் கட்-ஆஃப் 186 எடுத்திருக்கிறானாம்.

"என்ன பிராஞ்ச் போடலாம் சொல்லுடா. நீதான் ஏதோ ஆராய்ச்சி பண்ணி எழுதிக்கிட்டு இருக்கியே."

"அவனுக்கு என்ன பிடிக்கும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "பிடிக்கிறது என்ன... மார்க் இருக்குல்ல. எதுல போட்டாலும் படிச்சிருவான்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இது என் வசனம். 1999இல் நான் அவனிடம் சொன்னது.

நாங்கள் 1998இல் பி.இ. சேர்ந்தோம். அப்போது நுழைவுத்தேர்வும் சேர்த்து கட்-ஆஃப் 300க்கு. என்னைவிட அவனுக்கு ஏழு மார்க் அதிகம். அந்த வருடம் எல்லோரும் அடித்துப் பிடித்துக் கேட்ட ஈ.சி.ஈ. அவனுக்குக் கிடைத்தது. எனக்கு சிவில். முதல் வருடம் அவன் நன்றாகவே பாஸ் செய்தான். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் ராத்திரி, "இதை விட்டுட்டு பி.காம். சேரலாமான்னு இருக்கு" என்றான். நான் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "உனக்கு மார்க் இருக்குல்ல, எதைக் குடுத்தாலும் படிச்சிருவ" என்றேன். மூன்றாம் வருட முடிவில் பதினான்கு அரியரோடு பெட்டியைக் கட்டினான். திரும்பி வரவில்லை.

இன்றைக்கு அவன் எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறான். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். என்னைவிட நிம்மதியாகத் தூங்குகிறவன். ஆனால் பையனின் பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் கல்வித்தகுதி' என்ற கட்டத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்றுதான் எழுதுகிறான். மூன்று வருடம் பி.இ. படித்ததற்கு அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் இரண்டு வாரம் டைம் கேட்டேன். ஆபீஸ் முடிந்த இரவுகளில் படித்தேன். ஒருவருடைய ஆர்வத்துக்கும் அவர் எடுக்கும் மேஜருக்கும் பொருத்தம் இருந்தால் பட்டம் முடிப்பதில் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா? யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவில், நூறு வருடத்துக்கும் மேலாக. நான் உளவியல் படித்தவன் இல்லை. இது ஒரு இன்ஜினியரின் வாசிப்புக் குறிப்பு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை, இரண்டு அர்த்தம்

முதலில் 'கவுன்சலிங்' என்ற வார்த்தை. நம் ஊரில் அதற்கு சீட் ஒதுக்கீடு என்று பொருள். 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. அதற்கு அடுத்த வருடம் நானும் அப்பாவும் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, காலையில் கிண்டியில் இறங்கினோம். திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிராஞ்சில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது, உட்கார்ந்தோம், சில நிமிடங்களில் ஆணை கையில். என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிபாரிசு இல்லாமல், யார் காலிலும் விழாமல், கிராமத்துப் பையன் ஒருவனுக்கு மார்க்கை மட்டும் பார்த்து இடம் கிடைத்தது பெரிய விஷயம். நான் சொல்ல வருவது வேறு. அந்த வார்த்தை கிளம்பிய ஊரில் அதற்கு நேர் எதிர்ப் பொருள் இருந்தது: ஒருவரை உட்காரவைத்து, அவரைப் பற்றி அவரிடமே விசாரித்து, அப்புறம் தொழிலைப் பற்றிப் பேசுவது. இரண்டுக்கும் நடுவில்தான் என் நண்பனின் கதை விழுந்து கிடக்கிறது.

சிவில் படித்த ஒருவர்

இந்த வரலாற்றை எல்லோரும் தொடங்குவது ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவரிடமிருந்து. 1854இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது சிவில் இன்ஜினியரிங். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், நம்ம ஆளாச்சே என்று.

1873இல் பட்டம் வாங்கி ரயில்வே கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். அதே வருடம் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி, கம்பெனி திவால். இரும்பு ஆலையில் கூலி வேலை செய்தார். பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு சட்டம் படித்து வக்கீலானார், சட்டப் புத்தகங்கள் எழுதினார், சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தார். 1895இல் பாஸ்டன் நகர மேயர் தேர்தலில் நின்று தோற்றார். கன்சாஸில் பேராசிரியராகப் போனார். அரசியல் காற்று மாறியதும் அந்த வேலையும் போனது. தனக்குப் பொருத்தமான வேலை எது என்று பாதி ஆயுள் தேடிய மனிதர்.

1908 ஜனவரியில் பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டதும் கிடைத்த முதல் வேலையில் ஒட்டிக்கொள்வார்கள், சில மாதத்தில் விடுவார்கள், அடுத்ததில் ஒட்டுவார்கள். பார்சன்ஸின் வழிமுறை மூன்றே படி. ஒன்று, உன்னைத் தெரிந்துகொள். இரண்டு, வேலைகளைத் தெரிந்துகொள். மூன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசி. அதே 1908 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். புத்தகம் அடுத்த வருடம்தான் வெளிவந்தது. இன்று வரை இந்தத் துறையின் எலும்புக்கூடு அந்த மூன்று படிதான்.

சிக்கல் முதல் படியில். 'உன்னைத் தெரிந்துகொள்' என்றால் எப்படி? பார்சன்ஸ் நீண்ட கேள்விப்பட்டியல் கொடுத்து, எதிரே உட்கார்ந்து பேசி மதிப்பிட்டார். அதை அளவுகோல் என்று சொல்ல முடியாது.

ஆர்வத்துக்கு ஒரு ஸ்கேல்

அளவுகோலை உருவாக்கியவர்களில் பெரிய பெயர் எட்வர்ட் ஸ்ட்ராங். முதல் உலகப்போரில் ராணுவத்தில் ஆட்களைத் தரம்பிரித்து வேலைக்கு அனுப்பும் குழுவில் இருந்தவர். போருக்குப் பிறகு பிட்ஸ்பர்க்கின் கார்னெகி தொழில்நுட்ப நிறுவனத்தில் சில வருடங்கள்; 1923இல் ஸ்டான்ஃபோர்ட். 1927இல் அவருடைய வினாத்தாள் வந்தது. மொத்தம் 420 விஷயங்கள்: தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள், மனிதர்களின் குணங்கள். ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும், பிடிக்காது, ரெண்டும் இல்லை என்று குறித்தால் போதும்.

அவருடைய யோசனை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. 'உனக்கு வக்கீல் வேலை பிடிக்குமா?' என்று கேட்டு அந்தப் பதிலை அவர் நம்பவில்லை. ஏற்கெனவே வக்கீலாக இருப்பவர்கள் இந்த 420க்கும் என்ன பதில் சொல்கிறார்கள், பொதுவான ஆண்கள் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டார். எந்தக் கேள்விகளில் வித்தியாசம் தெரிகிறதோ அவற்றுக்கு எடை கொடுத்தார். உங்கள் பதில்கள் வக்கீல்களின் பதில்களைப் போல விழுந்தால், வக்கீல் அளவில் உங்கள் எண் ஏறும். மெஷின் லேர்னிங் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: லேபிள் உள்ள டேட்டா, எடைகள், ஒரு ஸ்கோர். கம்ப்யூட்டர் வராத காலத்தில் செய்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய வேலை, தன் மாணவர்களைத் தொடர்ந்து போனது. 1920களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் இந்தத் தாளை நிரப்பிய மாணவர்களைப் பதினெட்டு வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதை 1955இல் புத்தகமாக்கினார். இருபது வயதில் குறித்த ஆர்வங்கள் பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தன, போய்ச்சேர்ந்த தொழிலோடும் நன்றாக ஒத்துப்போயின. 1943இல் எழுதிய புத்தகத்தில் அவர் ஒரு படகு உவமை சொல்கிறார். திறமை என்பது மோட்டார், வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆர்வம் சுக்கான், திசையைத் தீர்மானிக்கிறது. மார்க் இருக்கு என்று நாம் சொல்லும்போதெல்லாம் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

இங்கே ஒரு கறுப்புப் புள்ளியையும் சொல்லவேண்டும். 1933இல் பெண்களுக்குத் தனித் தாள் வந்தது. பிற்காலத்தில் ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தாள். ஆண்கள் தாளில் இருந்த சில தொழில்கள் பெண்கள் தாளில் இல்லை. ஒரு பெண் பிள்ளை அந்தத் தாளை எவ்வளவு நேர்மையாக நிரப்பினாலும், அதில் இல்லாத தொழில் அவளுக்கு விடையாக வரவே முடியாது. 1970களின் தொடக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பி, 1974இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நாற்பது வருடம். ஆர்வத்தை அளக்கிறோம் என்று சொல்லும் கருவி, ஊர் ஏற்கெனவே போட்ட வேலியையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது.

ராணுவத்தில் பேட்டி எடுத்தவர்

ஸ்ட்ராங்கின் முறையில் தொழிலுக்கு ஒரு ஸ்கேல். பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதைச் சுருக்கியவர் ஜான் ஹாலண்ட். 1919இல் ஒமாஹாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் சேர வருகிறவர்களைப் பேட்டி எடுத்து, என்ன வேலை பார்த்தாய் என்று குறித்து, வகைப்படுத்தும் வேலை அவருக்கு. ஆயிரம் கதை கேட்டாலும் அவை சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்ற எண்ணம் அங்கே வந்தது. மினசோட்டாவில் முனைவர் பட்டம் முடித்து, மருத்துவமனையில் ஆலோசகராக இருந்து, 1959இல் தன் கோட்பாட்டுக் கட்டுரையை வெளியிட்டார்.

அவருடைய ஆறு வகைகளை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

கைவேலைக்காரர்: கருவி, இயந்திரம், மண், மரம்.
ஆராய்கிறவர்: ஏன், எப்படி என்று குடைகிறவர்.
கலைஞர்: வரைவது, எழுதுவது, இசை.
மனிதர்களோடு இருப்பவர்: சொல்லிக்கொடுப்பது, கவனித்துக்கொள்வது.
ஆளைத் திரட்டுகிறவர்: பேசி இணங்கவைப்பது, வியாபாரம், தலைமை.
ஒழுங்குக்காரர்: கணக்கு, பதிவேடு, கட்டம் கட்டமாக வேலை.

ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ரியாசெக்' என்பார்கள். யாரும் ஒரே வகையாக இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஆறிலும் ஒரு எண் உண்டு, அதில் எது உயரம் என்பதுதான் கேள்வி. 1969இல் ஹாலண்டும் உடன் வேலை பார்த்தவர்களும் இந்த ஆறையும் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தார்கள். பக்கத்து முனைகள் ஒன்றுக்கொன்று நெருக்கம், எதிர் முனைகள் தூரம். கைவேலைக்கு நேர் எதிரே மனிதர்களோடு இருப்பது. ஒழுங்குக்கு நேர் எதிரே கலை.

ஹாலண்டின் முக்கியமான அடி அடுத்தது. மனிதர்களுக்கு மட்டும் அல்ல, இடங்களுக்கும் இதே ஆறு வகை என்றார். ஒரு துறையில் யார் நிறைய இருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த இடத்தின் குணம். ஆகவே மாணவனையும் மேஜரையும் ஒரே அறுகோணத்தில் வைத்து, நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்கலாம். நம் ஊரில் பொருத்தம் என்றால் ஜாதகத்தில் பத்து, ஹாலண்டுக்கு ஆறு. பொருத்தம் கூடினால் திருப்தி, நிலைப்பு, சாதனை மூன்றும் கூடும் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பைச் சோதிக்கலாம்.

பட்டம் முடிப்பது ஒரு கேள்வியாக மாறியது

இதைச் சோதிக்க அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் காரணமும் இருந்தது. 1944இல் வந்த சட்டத்தால் போரிலிருந்து திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் கல்லூரிக்குள் வந்தார்கள். 1965இல் உயர்கல்விச் சட்டம், அதோடு ஏழை மாணவர்களுக்கு நிதி உதவி. உள்ளே வருவது அதிகமானதும், எத்தனை பேர் முடிக்காமல் வெளியே போகிறார்கள் என்பதும் கண்ணில் பட்டது. 1975இல் வின்சென்ட் டின்டோ எழுதிய கட்டுரை, படிப்பை விடுவதை மாணவனின் சோம்பேறித்தனமாகப் பார்க்காமல், மாணவனும் கல்லூரியும் படிப்பிலும் பழக்கத்திலும் எவ்வளவு ஒட்டிக்கொள்கின்றன என்ற கேள்வியாக மாற்றியது. 1990இல் வந்த சட்டம் ஒன்று, கல்லூரிகள் தங்கள் பட்டம் முடிக்கும் விகிதத்தை வெளியிட வேண்டும் என்றது. கணக்கு வழக்கமான காலத்தின் ஒன்றரை மடங்கு வரை; நாலு வருடப் படிப்புக்கு ஆறு வருடம். அங்கேயும் நாலு வருடப் படிப்பை எல்லோரும் நாலு வருடத்தில் முடிப்பதில்லை என்பதை அந்த ஆறு என்ற எண்ணே சொல்லிவிடுகிறது.

டேட்டா யாரிடம் இருந்தது? ஏ.சி.டி. என்ற நுழைவுத்தேர்வு நிறுவனத்திடம். தேர்வு எழுதும் மாணவர்கள் ஹாலண்டின் ஆறு வகைகளை ஒட்டிய ஆர்வ வினாத்தாள் ஒன்றையும் நிரப்புவார்கள். (ஹாலண்டே 1960களில் சில வருடம் அங்கே வேலை பார்த்தவர்.) மார்க், ஆர்வம் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. பிறகு அந்த மாணவர் என்ன மேஜர் எடுத்தார், என்ன ஆனார் என்று கல்லூரிகளிடம் கேட்டுச் சேர்த்தால் போதும்.

நான் படித்தவற்றில் மூன்று ஆய்வுகள் முக்கியம்.

2006இல் ட்ரேசியும் ராபின்ஸும் 87 கல்லூரிகளில் 80,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தார்கள். நுழைவுத்தேர்வு மார்க் சொல்லாத எதையாவது பொருத்தம் சொல்கிறதா? சொல்கிறது. கல்லூரி மதிப்பெண்ணைக் கணிக்கையில் பொருத்தம் தன் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் தகவல் தருகிறது.

2008இல் ஆலனும் ராபின்ஸும் 25 நான்காண்டுக் கல்லூரிகளை எடுத்து, மூன்றாம் வருடத்திலும் அதே மேஜரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு விஷயம் உதவியது: முதல் வருட மதிப்பெண், ஆர்வப் பொருத்தம்.

2010இல் அதே இருவர் கேட்டது நேரடியாக என் நண்பனின் கேள்வி: யார் பட்டத்தை உரிய காலத்தில் முடிக்கிறார்கள்? 15 நான்காண்டுக் கல்லூரிகளில் சுமார் 3,000 பேர், 13 ஈராண்டுக் கல்லூரிகளில் சுமார் 800 பேர். படிக்கவேண்டும் என்ற ஊக்கம் முதல் வருட மதிப்பெண்ணின் வழியாக வேலை செய்கிறது: ஊக்கம் இருந்தால் முதல் வருடம் நல்ல மார்க், நல்ல மார்க் இருந்தால் பட்டம் முடியும். ஆர்வப் பொருத்தம் அப்படிச் சுற்றிக்கொண்டு வரவில்லை. மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் அது நேரடியாகப் பட்டம் முடிப்பதைத் தொட்டது. இரண்டு வகைக் கல்லூரியிலும்.

இந்த இடத்தில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மார்க்கும் பொருத்தமும் ஒரே பைப்பில் ஓடும் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன்: பிடித்தால் நன்றாகப் படிப்பான், நன்றாகப் படித்தால் முடிப்பான். அப்படி இல்லை, இரண்டும் தனித்தனி பைப். முதல் வருடத்தில் நல்ல மார்க் வாங்கிய பையன்கூட, பொருந்தாத இடத்தில் இருந்தால் முடிக்காமல் போகும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். 1999இல் நான் அவனுடைய முதல் வருட மார்க்கைப் பார்த்துத்தான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

அவசரப்பட வேண்டாம்

இங்கேயே முடித்தால் கட்டுரை நன்றாக இருக்கும், நேர்மையாக இருக்காது. எதிர்ப்பக்கக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

முதலாவது, இவை சோதனைகள் அல்ல. யாரும் மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பொருந்திய மேஜரில் பாதி, பொருந்தாததில் பாதி என்று போடவில்லை. பிடித்ததை எடுக்க முடிந்த மாணவருக்கு வேறு வசதிகளும் இருந்திருக்கலாம். அதோடு, இந்த ஆய்வுகளில் தேர்வு நிறுவனத்தின் சொந்த ஆட்களும் சொந்த வினாத்தாளும் இருக்கின்றன. அதனால் முடிவு பொய் என்று ஆகாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அமெரிக்காவில் மேஜர் என்பது மாற்றக்கூடியது. அந்நாட்டு அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், 2011-12இல் கல்லூரி சேர்ந்து மேஜர் எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது மேஜரை மாற்றியிருந்தார்கள். பட்டப் படிப்பில் கணிதத்தை எடுத்தவர்களில் 52 சதவீதம். பொருந்தவில்லை என்றால் அங்கே பக்கத்து அறைக்குப் போகலாம். நம் ஊரில் முதல் நாள் வகுப்புக்கு முன்பே பிராஞ்ச் முடிவாகிவிடுகிறது. முதல் வருடம் முடிந்து மார்க் பார்த்துச் சில கல்லூரிகளில் ஒரு சிலருக்கு மாற்றம் கிடைக்கும். மற்றவர்களுக்கு வாசல் வழியாக வெளியே போவதுதான் மாற்றம். ஆகவே அமெரிக்க எண்களை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. கதவு இல்லாத வீட்டில் பொருத்தம் இன்னும் முக்கியமா, இல்லை வேறு வழியின்றிப் பழகிவிடுவதால் குறைவா என்பதை இங்கேயே அளந்தால்தான் சொல்ல முடியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த மறுப்பு. 2000இல் ஸ்மார்ட், ஃபெல்ட்மேன், எதிங்டன் என்ற மூவர் ஹாலண்டின் கோட்பாட்டை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார்கள். துறைகள் ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை, ஆளைச் செதுக்கவும் செய்கின்றன என்று காட்டினார்கள். பொருந்தாமல் உள்ளே வந்த மாணவர்களும் நான்கு வருடத்தில் அந்தத் துறை வளர்க்கும் திறமைகளில் வளர்ந்திருந்தார்கள், பொருந்தி வந்தவர்களைப் போலவே.

இதற்கு நானே சாட்சி. சிவில் எனக்குப் பிடித்து எடுத்ததில்லை. ஆனால் லெவலிங் ரீடிங்கைக் கட்டம் போட்டு எழுதி, கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் சரியாக வந்தால் எனக்கு ஒரு திருப்தி. ரெக்கார்டு நோட்டு எழுதுவது பிடித்த ஒரே ஜீவன் எங்கள் வகுப்பில் நான்தான். நாலு வருடத்தில் முடித்தேன். பிறகு சாஃப்ட்வேருக்கு வந்தேன். இங்கேயும் கட்டம் கட்டமாகத்தான் வேலை. ஹாலண்டின் கணக்கில் நான் ஒழுங்குக்காரன். சிவிலின் மண்ணும் கான்கிரீட்டும் எனக்கு ஒட்டவில்லை, அதன் அட்டவணைகள் ஒட்டின. என்னை முடிக்கவைத்தது அது என்று இப்போது நினைக்கிறேன்.

அவன்? ஹாஸ்டல் மெஸ் கமிட்டியை மூன்று வருடம் அவன்தான் நடத்தினான். காய்கறி மார்க்கெட்டில் பேரம், சமையல்காரர்களோடு சமாதானம், மாதக் கடைசியில் முந்நூறு பேரிடம் பாக்கி வசூல். ஜூனியருக்கு ரத்தம் வேண்டும் என்றால் ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேரை எழுப்பிக் கூட்டிப்போவான். லேபில் ஆசிலாஸ்கோப் முன்னால் நிற்கும்போது மட்டும் அந்த ஆள் அவனுக்குள் இருக்கமாட்டான். ஒரே ஓர் ஆளின் கதை ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனால் அறுகோணத்தில் அவன் எங்கே, ஈ.சி.ஈ. எங்கே என்று புள்ளி வைக்க எனக்கு வினாத்தாள் தேவைப்படவில்லை.

அவனுக்கு நான் சொன்னது

இரண்டு வாரம் கழித்து நானே போன் பண்ணினேன். மூன்று விஷயம் சொன்னேன்.

ஒன்று, 'என்ன பிடிக்கும்?' என்று பையனைக் கேட்காதே. நான் கேட்டதே தப்பு. பதினேழு வயதில் அதற்கு விடை தெரியாது. ஸ்ட்ராங்கே நேராக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போன ஒரு வருடத்தில் யாரும் சொல்லாமல் அவன் என்னென்ன செய்தான் என்று பட்டியல் போடு.

இரண்டு, அமெரிக்கத் தொழிலாளர் துறை ஹாலண்டின் ஆறு வகைகளை வைத்து 60 கேள்விகள் கொண்ட வினாத்தாளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. செய்யச் சொல். ஆனால் அது அமெரிக்கர்களுக்கு எழுதியது. விடையை ஜாதகம் மாதிரி வைத்துக்கொள்ளாதே, பேச்சைத் தொடங்க வைத்துக்கொள். இங்கேயே 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளியில் ஏதாவது வழிகாட்டுதல் கொடுத்தார்களா என்றும் கேட்டுப் பார்.

மூன்று, சேர்ந்த பிறகு அவன் வந்து 'வேற மாத்தலாமான்னு இருக்கு' என்று சொன்னால், மார்க்கை எடுத்து அவன் வாயை அடைக்காதே. மார்க் ஒரு கணக்கு, அவன் சொல்வது இன்னொரு கணக்கு.

மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை. அவன் எதுவும் கேட்கவில்லை. "சரிடா, செய்யச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. முதலாவது பையனுடையது: கைவேலையும் ஆராய்ச்சியும் உயரம். போன வருடம் முழுக்க அப்பாவின் பழைய கிரைண்டர்களைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தானாம், அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். விருப்பப் பட்டியலில் மெக்கானிக்கலை முதலில் வைக்கப்போவதாக அவனே சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் போகிறதே என்று வருத்தம்.

இரண்டாவது ஸ்க்ரீன்ஷாட்டில் பெயர் இல்லை. மனிதர்களோடு இருப்பது, ஆளைத் திரட்டுவது இரண்டும் கூரையைத் தொட்டிருந்தன. கைவேலைப் பட்டை தரையோடு தரையாக இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி.

"இதை அப்பவே காட்டியிருக்கலாம்லடா?"

அப்போது நம் கையில் இன்டர்நெட் எங்கே இருந்தது என்று டைப் அடித்தேன். அழித்தேன். அன்றைக்கு ராத்திரி நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பியிருக்க இன்டர்நெட் தேவைப்பட்டிருக்காது. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "விடு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிடலாம்" என்று பதில் வந்தது.

போயிருந்தேன். பையன் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்ல அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.